கரிம வரி, ஈவுத்தொகை, குறைந்த கட்டுப்பாடு: பழமைவாதிகளின் பருவநிலை வழியில் சிங்கப்பூர் எங்கே நிற்கிறது?

சிராங்கூன்_கணக்கு (இழையைத் தொடங்கியவர்)

பருவநிலை என்று பேச்செடுத்தாலே அது இடதுசாரிகளின் சமாச்சாரம் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. 1987ல் மாண்ட்ரியல் உடன்பாட்டுக்குத் துணை நின்றது ரோனல்ட் ரேகன் அரசு. 1989 நவம்பரில் ஐநா பொதுச் சபையில் புவி வெப்பமடைவதைப் பற்றி எச்சரித்தவர் மார்கரெட் தாட்சர். 1990ல் அமில மழைக்கு எதிராக, மாசு வெளியிடும் உரிமங்களை வாங்கி விற்கும் சந்தையைச் சட்டமாக்கியவர் மூத்த ஜார்ஜ் புஷ். 2017 பிப்ரவரியில் குடியரசுக் கட்சியின் முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் ஜேம்ஸ் பேக்கரும் ஜார்ஜ் ஷுல்ட்ஸும் ஒரு திட்டத்தை முன்வைத்தார்கள்: டன்னுக்கு 40 அமெரிக்க டாலரில் கரிம வரி தொடங்கும், வசூல் முழுவதும் குடிமக்களுக்குச் சரிசமமாக ஈவுத்தொகையாகப் போகும், இறக்குமதிக்கு எல்லையில் அதே விலை, பதிலுக்குத் தேவையற்ற கட்டுப்பாடுகள் நீங்கும்.

இந்தச் சிந்தனையில் மூன்று விதிகள் இருக்கின்றன. எல்லா டன்னுக்கும் ஒரே விலை. வசூலான பணம் கஜானாவில் தங்கக் கூடாது. எந்தத் தொழில்நுட்பம் ஜெயிக்க வேண்டும் என்று அரசு முடிவு செய்யக் கூடாது.

விலை வைத்து நெறிப்படுத்துவது நம்மூருக்குப் புதிதில்லை. 1975ல் நகர மையத்துக்குள் வண்டி நுழையக் கட்டணம், 1990ல் சிஓஇ (வண்டி வைத்திருக்க ஏலத்தில் வாங்கும் உரிமைச் சான்றிதழ்), 1991ல் தண்ணீர் சேமிப்பு வரி. எரிபொருளுக்கு மானியம் கொடுத்து விலையை மறைக்கும் பழக்கமும் இங்கே கிடையாது. கரிம வரி 2019ல் டன்னுக்கு 5 வெள்ளியில் (சிங்கப்பூர் டாலர்) தொடங்கி, 2024, 2025ல் 25 வெள்ளி, 2026, 2027ல் 45 வெள்ளி, 2030க்குள் 50 முதல் 80 வெள்ளி. முதல் விதியில் ஓரளவு தேறுகிறோம். இரண்டாவதில் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம் என்பது என் வாதம். விஷயம் தெரிந்தவர்கள் வாருங்கள்.

ஜூரோங்_நீராவி

ஆலைப் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு. ஆண்டுக்கு 25,000 டன்னோ அதற்கு மேலோ வெளியிடும் ஆலைகள்தாம் நேரடியாக வரி கட்டுகின்றன. ஏறக்குறைய 50 இடங்கள். அங்கே 5 வெள்ளிக்கும் 45 வெள்ளிக்கும் என்ன வித்தியாசம் என்பதை ஒரே ஒரு ஸ்டீம் டிராப்பை வைத்துச் சொல்லிவிடலாம்.

நீராவிக் குழாயில் சேரும் தண்ணீரை மட்டும் வெளியே விட்டு, நீராவியைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. உள்ளே இருக்கும் சீட் தேய்ந்தாலோ துருத்தூள் சிக்கினாலோ அது திறந்த வாக்கில் நின்றுவிடும். நீராவி நேராகக் கண்டன்சேட் குழாய்க்குள் ஓடும்; வெளியே ஒரு சொட்டும் தெரியாது. மணிக்கு 10 கிலோ போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடும் ஆலையில் 80 டன் நீராவி வீண். ஒரு டன்னுக்கு 2.4 கிகாஜூல், பாய்லர் திறன் 85 விழுக்காடு, இயற்கை எரிவாயுவுக்கு ஒரு கிகாஜூலுக்கு 56.1 கிலோ கரியமில வாயு. பெருக்கிப் பார்த்தால் 12.7 டன்.

5 வெள்ளி வரியில் அது ஆண்டுக்கு 63 வெள்ளி. 45 வெள்ளியில் 570 வெள்ளி. பெரிய ஆலைகளில் இந்த டிராப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். 63 வெள்ளிக்காக அல்ட்ராசவுண்ட் கருவியைக் கொடுத்து ஆள் அனுப்ப மாட்டார்கள். 570 என்றால் அனுப்புவார்கள். எந்த டிராப் பழுது என்று அமைச்சிலிருந்து ஆணை போட முடியாது. விலையால் முடியும்.

பாசிர்ரிஸ்_பசுமை

ஒரு சந்தேகம் அண்ணே. வீணாகும் எரிவாயுவின் விலையே அந்த 570 வெள்ளியைவிடப் பல மடங்கு இருக்குமே. அதற்கே சரிசெய்யாதவர்கள் வரிக்காகவா செய்யப் போகிறார்கள்?

ஜூரோங்_நீராவி

@பாசிர்ரிஸ்_பசுமை நல்ல கேள்வி. பல ஆலைகளில் எரிவாயுச் செலவு உற்பத்திக் கணக்கில் போகும், டிராப் மாற்றும் செலவு பராமரிப்புக் கணக்கில் போகும். மிச்சம் ஒருவருக்கு, செலவு இன்னொருவருக்கு. கரிம வரி தனி வரியாக, தணிக்கை செய்த அளவோடு, நிதிப் பொறுப்பாளரின் மேசைக்கு வருகிறது. "இந்த டன்கள் எங்கிருந்து வந்தன" என்று அவர் கேட்கும்போது இரண்டு கணக்கும் ஒரே தாளில் வந்துவிடும். விலை எவ்வளவு என்பதைப் போலவே அது யார் கண்ணில் படுகிறது என்பதும் முக்கியம்.

இன்னொன்று. ஏற்றுமதிச் சந்தையில் போட்டியிடும், அதிகம் வெளியிடும் நிறுவனங்களுக்கு, இத்தனை டன்னுக்கு வரி வேண்டாம் என்று அரசு சலுகை ஒதுக்கீடு தருகிறது. இதைக் கேட்டதும் "அப்போ வரியே இல்லையே" என்பார்கள். ஒதுக்கீட்டை எப்படிக் கணக்கிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தரமான ஓர் ஆலை எவ்வளவு வெளியிடும் என்ற அளவுகோலை வைத்துக் கொடுத்தால், அதற்கு மேல் போகும் ஒவ்வொரு டன்னுக்கும் முழு 45 வெள்ளி வலிக்கும். குறைத்த ஒவ்வொரு டன்னுக்கும் 45 வெள்ளி மிச்சம். போன ஆண்டு நீ வெளியிட்டதில் இத்தனை விழுக்காடு என்று கொடுத்தால், குறைப்பவனுக்கு அடுத்த ஆண்டு ஒதுக்கீடும் குறையும். அது உழைத்தவன் கூலியில் கை வைப்பது.

ஈசூன்_மீட்டர்

வீட்டுக் கணக்கை நான் போடுகிறேன். நம் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் வருகிறது. ஒரு யூனிட்டுக்கு (கிலோவாட் மணி) சுமார் 0.4 கிலோ கரியமில வாயு. நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மாதம் 400 யூனிட் என்றால் 160 கிலோ.

25 வெள்ளியில்: மாதம் 4 வெள்ளி.
45 வெள்ளியில்: மாதம் 7 வெள்ளி 20 காசு.
80 வெள்ளியில்: மாதம் 12 வெள்ளி 80 காசு.

இதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. யூனிட்டுக்கு என்று பார்த்தால் 45 வெள்ளி வரி 1.8 காசு. மின் உற்பத்தியாளர் முழுவதையும் நம் தலையில் இறக்குகிறார் என்று வைத்துக்கொண்ட கணக்கு இது.

பாசிர்ரிஸ்_பசுமை

கணக்கு சரி அக்கா. ஆனால் எரிவாயு விலை ஏறி இறங்கும்போது மின் கட்டணம் ஒரே காலாண்டில் இதைவிட அதிகம் அசைகிறதே. 1.8 காசுக்காக யாரும் ஏர்கானை அணைக்க மாட்டார்கள்.

பெரிய ஆட்சேபம் வேறு. இந்தப் "பழமைவாத" வழி எங்கே நிலைத்தது? ஆஸ்திரேலியாவில் 2012 ஜூலையில் டன்னுக்கு 23 ஆஸ்திரேலிய டாலர் விலை வந்தது. 2014 ஜூலையில் டோனி அபோட்டின் பழமைவாத அரசே அதை நீக்கியது. பதிலுக்கு 2.55 பில்லியன் டாலர் நிதி ஒதுக்கி, வெளியீட்டைக் குறைப்பவர்களுக்கு ஏலம் விட்டு வரிப்பணத்தைக் கொடுத்தது. மாசுபடுத்துபவன் கட்ட வேண்டிய இடத்தில் வரி கட்டுபவன் கட்டினான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் மக்கள் கட்டிய கரிம வரியும் போயிற்று. கனடா முழுக்கவும் 2025 ஏப்ரல் 1ல் பொதுமக்கள் மீதான கரிமக் கட்டணம் போயிற்று. நல்ல கொள்கை என்றால் ஏன் இப்படி வரிசையாகச் சாய்கிறது?

சிராங்கூன்_கணக்கு

ஆஸ்திரேலியாவில் நடந்ததை நான் ஆதரிக்கவே மாட்டேன். கட்சியின் பெயர் பழமைவாதம் என்பதால் அந்தக் கொள்கையும் அப்படி ஆகிவிடாது. ஊர்ப் பணத்தை எடுத்து வெளியீட்டாளருக்குக் கொடுப்பது சிக்கனமும் இல்லை, பொறுப்பும் இல்லை.

கனடாவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், அங்கேதான் பாடம் இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2008 ஜூலையில் கோர்டன் கேம்பலின் வலதுசாரிச் சாய்வுள்ள அரசு டன்னுக்கு 10 கனடிய டாலரில் தொடங்கி, ஆண்டுக்கு 5 டாலர் ஏற்றி, 2012ல் 30க்குக் கொண்டுபோனது. கூடவே தனிநபர் வருமான வரி, நிறுவன வரி இரண்டையும் குறைத்தது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தனித்தொகை கொடுத்தது. வசூல் முழுவதையும் இப்படித் திருப்பித் தர வேண்டும் என்று சட்டமே சொன்னது. எதிர்க்கட்சி அதை எதிர்த்துத் தேர்தலில் நின்றும் வரி பிழைத்தது. 2017ல் அடுத்த அரசு அந்தத் திருப்பித் தரும் கட்டாயத்தைக் கைவிட்டது. அன்றைக்கே அது எல்லா வரியையும் போல இன்னொரு வரி ஆகிவிட்டது.

கனடாக் கூட்டரசு போட்ட கரிமக் கட்டணத்தின் கதை இன்னும் தெளிவு. வசூலில் பெரும்பகுதி, 90 விழுக்காட்டளவு, குடும்பங்களுக்கே போனது. ஆனால் எப்படிப் போனது? முதல் சில ஆண்டுகள் வருமான வரிக் கணக்கில் ஒரு கழிவாகப் புதைந்து கிடந்தது. 2022 ஜூலையில்தான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வங்கியில் போட ஆரம்பித்தார்கள். பெட்ரோல் நிலையத்தில் விலை தினமும் கண்ணில் குத்தும். திரும்பி வரும் பணமோ வேறு மாதத்தில், வேறு பெயரில் வரும். 2023 அக்டோபரில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் விலக்கு கொடுத்ததும் முதல் விதியும் உடைந்தது. ஒரு வட்டாரத்துக்கு எண்ணெய்க்கு விலக்கு என்றால் எரிவாயு எரிக்கும் மற்ற மாநிலத்தான் சும்மா இருப்பானா? ஒன்றரை ஆண்டில் முடிந்தது.

பெரிய ஆலைகள் மீதான கரிம விலை அங்கே இன்னும் இருக்கிறது, அளவுகோல் வைத்துக் கணக்கிடும் முறை. @ஜூரோங்_நீராவி சொன்ன அதே முறை.

மதுரை_டு_சாங்கி

பணம் திரும்பாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவே சாட்சி. 2010ல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் தூய ஆற்றல் வரி. 2016ல் 400 ரூபாய். டன்னுக்கு நேரடியாக விழும் வரி, நிர்வாகம் சுலபம், ஏய்ப்பதும் கடினம். வடிவமைப்பில் குறையே சொல்ல முடியாது. பணம் தேசியத் தூய ஆற்றல் நிதிக்குப் போக வேண்டும். அந்த நிதிக்கு முழுவதும் போகவில்லை, போனதும் முழுவதும் செலவாகவில்லை. 2017ல் ஜிஎஸ்டி வந்தபோது மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கும் வரியாக அது மாறிவிட்டது. கட்டிய மின் நுகர்வோருக்கு இப்படி ஒரு வரி இருந்ததே தெரியாது. தெரியாததால் கேட்பாரும் இல்லை.

பாசிர்ரிஸ்_பசுமை

சரி, அப்போ வீவக வீடுகளுக்கு அரசு தரும் நம்ம யு-சேவ் கட்டணக் கழிவு? அதுவும் திருப்பித் தருவதுதானே.

ஈசூன்_மீட்டர்

பாதி ஆமாம். யு-சேவ் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் மின் கட்டணக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. சிறிய வீட்டுக்கு அதிகம், பெரிய வீட்டுக்குக் குறைவு. வழக்கமான தொகை ஈரறைக்கு ஆண்டுக்கு 380 வெள்ளி, நாலறைக்கு 300, எக்சிகியூட்டிவ் வீட்டுக்கு 220. நீங்கள் எவ்வளவு எரித்தாலும் தொகை மாறாது. அதனால் கடைசி யூனிட்டின் விலை குறையவில்லை. மிச்சப்படுத்தினால் மிச்சம் உங்களுக்கே. கொள்கைப்படி இது மிகச் சரியான வடிவம்.

குறை எங்கே என்றால், இது பொருள் சேவை வரிப் பற்றுச்சீட்டுத் திட்டத்தின் பகுதி. வரும் பணத்தில் எவ்வளவு கரிம வரிக்காக, எவ்வளவு ஜிஎஸ்டிக்காக என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கரிம வரி உயர்வால் இந்தப் பத்தாண்டில் கூடுதல் வருமானம் எதிர்பார்க்கவில்லை என்று 2022 வரவுசெலவுத் திட்டத்தில் அரசு சொன்னது. அதை நம்பாமல் இல்லை. ஆனால் நம்பிக்கையை பில்லில் ஒரு வரியாகக் காட்டலாமே.

பருவநிலைப் பற்றுச்சீட்டுகளும் இதே தராசில் வர வேண்டும். 2024 ஏப்ரலில் வீவக குடும்பத்துக்கு 300 வெள்ளி, 2025ல் இன்னும் 100. ஆனால் குறிப்பிட்ட டிக் எண்ணிக்கை (மின், நீர் சிக்கனத்தைக் காட்டும் குறி) உள்ள ஃபிரிட்ஜ், ஏர்கான், எல்இடி, ஷவர் மாதிரிப் பட்டியலில் உள்ளதற்குத்தான் செல்லும். ஏற்கெனவே நல்ல ஃபிரிட்ஜ் வைத்திருப்பவருக்கு அதனால் ஆவதென்ன? அதையே கையில் கொடுத்தால் அவர் ஜன்னலுக்கு வெயில் தடுப்புப் படலம் ஒட்டலாம். மூன்றாவது விதி இங்கேதான் ஆட்டம் காண்கிறது.

குளிர்சாதனக்_கை

எல்லாவற்றையும் விலையே பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு ஒரு இடத்தில் அது வேலை செய்யாது என்று காட்டுகிறேன். வீட்டு ஏர்கான் வாயு.

பழைய யூனிட்டில் ஆர்-410ஏ. அதன் வெப்பமாக்கும் திறன் கரியமில வாயுவைப் போல 2,088 மடங்கு. ஒரு கிலோவைக் காற்றில் விட்டால் 2.09 டன்னுக்குச் சமம். மின்சாரக் கணக்கில் 5,200 யூனிட். மேலே அக்கா போட்ட நாலறை வீட்டின் முழு ஆண்டு 4,800 யூனிட்டையும் தாண்டிவிட்டது! 45 வெள்ளி வரி விழுந்தால் 94 வெள்ளி. ஆனால் விழாது, ஏனென்றால் உங்கள் வீட்டு லெட்ஜில் நிற்கும் கம்ப்ரசரை யாரும் 25,000 டன் ஆலையாக அளக்கப் போவதில்லை.

யூனிட்டைக் கழற்றும்போது வாயுவை விடாமல் எடுக்கும் முறை சிரமமானதல்ல:

ஏர்கானைக் கூலிங்கில் ஓட விடுங்கள் (இன்வெர்ட்டர் என்றால் கட்டாயக் கூலிங் முறையில்). கேஜை உறிஞ்சு பக்கம் மாட்டுங்கள். மெல்லிய குழாயின் வால்வை அறுகோணச் சாவியால் மூடுங்கள். வாயு வெளி யூனிட்டுக்குள் சேரச் சேர அழுத்தம் இறங்கும். பூஜ்யத்தை ஒட்டி வந்ததும் தடித்த குழாயின் வால்வை மூடி, உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். பூஜ்யத்துக்குக் கீழே இழுக்க விடாதீர்கள்.

தவறு நடப்பது இரண்டு இடத்தில். எங்காவது ஏற்கெனவே கசிவு இருந்தால் இதைச் செய்யவே கூடாது. கம்ப்ரசர் காற்றை உள்ளே இழுத்து, எண்ணெயோடு அழுத்தி, வெடித்துவிடக்கூடும். கம்ப்ரசர் செத்துப்போயிருந்தாலும் முடியாது. இரண்டுக்கும் வாயுவை உறிஞ்சி எடுக்கும் ரெகவரி மெஷினும் சிலிண்டரும் வேண்டும், சிலிண்டரை 80 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பக் கூடாது. அந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு பதினைந்தாவது மாடிக்கு வருவதைவிட நட்டைத் தளர்த்தி "புஸ்" என்று விடுவது அவசரக்காரருக்குச் சுலபம். இங்கே விலை தோற்கிறது.

2022 அக்டோபரிலிருந்து வெப்பமாக்கும் திறன் 750 மடங்குக்கு மேல் உள்ள வாயுவோடு வீட்டு ஏர்கான் விற்கக் கூடாது என்று தேசிய சுற்றுப்புற வாரியம் விதித்தது. ஆர்-32 என்ற வாயுவுக்கு அது 675. ஒரே விதி, சந்தை முழுக்க மாறிவிட்டது. இதை எந்த வரியாலும் இவ்வளவு மலிவாகச் செய்திருக்க முடியாது.

சிராங்கூன்_கணக்கு

இதை முழுக்க ஏற்றுக்கொள்கிறேன். அளக்கும் செலவு, குறைக்கும் செலவைவிட அதிகமானால் விதி போடுவதுதான் சிக்கனம். மாண்ட்ரியல் உடன்பாடே அப்படித்தான்.

ஆனால் அளக்க முடிந்த இடத்தில் விதி போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அமெரிக்காவின் கந்தகக் கதை இருக்கிறது. 1977 சட்டத் திருத்தம் புதிய நிலக்கரி மின்நிலையங்களைப் புகை கழுவும் கருவி மாட்ட வைத்தது, நிலக்கரியில் கந்தகம் குறைவாக இருந்தாலும். 1990 சட்டம் கருவியைப் பற்றிப் பேசவில்லை. மின்நிலையங்களின் மொத்தக் கந்தக வெளியீட்டை 1980 அளவில் ஏறக்குறையப் பாதியாகக் குறைக்க உச்சவரம்பு வைத்தது, உரிமத்தை வாங்கி விற்க விட்டது. 1980ல் ரயில் கட்டணக் கட்டுப்பாடு தளர்ந்திருந்ததால் வயோமிங்கின் கந்தகம் குறைந்த நிலக்கரி கிழக்கே மலிவாக வந்தது. பலர் கருவியே வாங்காமல் நிலக்கரியை மாற்றி இலக்கை எட்டினார்கள். முன்கூட்டி மதிப்பிட்டதைவிடச் செலவு வெகுவாகக் குறைந்தது. ரயில் கட்டணம் அமில மழையைக் குறைக்கும் என்று எந்த அதிகாரியும் விதி எழுதியிருக்க மாட்டார்.

ராபின்சன்_ரோடு

கார்பன் கிரெடிட்டுகளைப் பற்றி, அதாவது வேறிடத்தில் குறைத்த டன்னுக்கான சான்றுகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 2024 முதல், வரி விழும் வெளியீட்டில் 5 விழுக்காடு வரை வெளிநாட்டுக் கார்பன் கிரெடிட்டுகளால் ஈடுகட்டலாம். ஒரு மில்லியன் டன் ஆலைக்கு 50,000 டன். பாப்புவா நியூகினி, கானா, பூட்டான், பெரு என்று உடன்பாடுகள் இருக்கின்றன. எங்கே மலிவோ அங்கே குறை என்பது சந்தைக்காரர் மனசுக்கு இதமான வாதம்.

வாங்குபவர் பார்க்க வேண்டியது: குறைப்பு 2021க்கும் 2030க்கும் இடையே நடந்ததா, விற்கும் நாடு தன் கணக்கிலிருந்து அதே டன்னைக் கழித்துக்கொண்டதா. அந்தக் கழிவு இல்லையென்றால் ஒரே டன்னை இரண்டு நாடு எண்ணும். காட்டுத் திட்டங்களில் "நாங்கள் பணம் தராவிட்டால் இந்தக் காடு அழிந்திருக்கும்" என்ற அடிப்படைக் கணிப்பு ஊதிப் பெருக்கியிருந்தால் கிரெடிட் வெறும் தாள். கணக்கு நேர்மை பழமைவாதத்தின் முதல் பாடம் என்றால், 5 விழுக்காடு வரம்பை உயர்த்தச் சொல்பவர்களை நான் எதிர்ப்பேன்.

பாசிர்ரிஸ்_பசுமை

கடல் மட்டத்தை விட்டுவிட்டீர்கள். 2100க்குள் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்கிறது நம் மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வு. நிலத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டருக்குள். உலகம் முழுவதும் குறைத்தால்தான் நிற்கும் விஷயத்துக்கு நாம் மட்டும் வரி போட்டு என்ன பயன்? அணை நம் கையில் இருக்கிறது.

சிராங்கூன்_கணக்கு

இரண்டும் வேண்டும். 2020ல் 5 பில்லியன் வெள்ளியில் கரையோர, வெள்ளப் பாதுகாப்பு நிதி தொடங்கியது வெள்ளம் வருமுன் அணை போடும் புத்திதான். 2021 சட்டப்படி பல தலைமுறைக்குப் பயன்படும் கட்டுமானத்துக்கு 90 பில்லியன் வெள்ளி வரை கடன் வாங்கலாம். அணையின் பயன் பேரப்பிள்ளைக்கும் போகிறது, செலவில் அவர்களுக்கும் ஒரு பங்கு என்பது நியாயம். அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்காதவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. இதைத் தனி இழையாக வைத்துக்கொள்வோம்.

என் முன்மொழிவுக்கு வருகிறேன். யு-சேவ் வரவில் "கரிம ஈவு" என்று தனி வரி வேண்டும். நாலறை வீட்டின் சராசரி 400 யூனிட் என்று வைத்தால், 45 வெள்ளி வரியில் காலாண்டுக்கு ஜிஎஸ்டி சேர்த்து 23 வெள்ளி 54 காசு. அதைச் சராசரிப்படி எல்லா நாலறை வீட்டுக்கும் கொடுங்கள். 300 யூனிட் எரிக்கும் வீடு 17.66 கட்டி 23.54 வாங்கும், 5.88 லாபம். 550 எரிக்கும் வீடு 32.37 கட்டும், 8.83 நட்டம்.

ஈசூன்_மீட்டர்

வீட்டு வகைச் சராசரியை எடுத்தால் ஒரு கோளாறு வரும் அண்ணே. மூவறை வீட்டில் ஆறு பேர் இருப்பார்கள், 450 யூனிட் ஆகும். மூவறைச் சராசரி 300 என்று வைத்தால் அவர்களுக்கு வரவு 17.66, கட்டுவது 26.49. நெருக்கியடித்து, தலைக்கு மிகக் குறைவாக எரிக்கும் குடும்பம்தான் நட்டப்படும்.

தலைக்கு இவ்வளவு என்று பேநவ் (வங்கிக் கணக்குக்கு உடனடியாகப் பணம் அனுப்பும் முறை) வழியாகக் கொடுக்கலாம், ஆனால் அங்கே கனடாவில் வந்த வினை வரும்: விலை ஒரு இடத்தில், பணம் வேறு இடத்தில். அதனால் பில்லிலேயே, அந்த முகவரியில் பதிவான ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கிப் போடுங்கள். தலைக்கு 100 யூனிட் என்று வைத்தால் காலாண்டுக்கு 5 வெள்ளி 89 காசு. ஆறு பேருக்கு 35.32. வெளியீட்டு விகிதம் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும், எரிசக்திச் சந்தை ஆணையம் வெளியிடும் முந்தைய ஆண்டு எண்ணை எடுத்தால் போதும். சில்லறை மின் விற்பனை நிறுவனத்துக்கு மாறியவர்களின் நிலையான விலைத் திட்டத்தில் கரிமப் பங்கு உள்ளே கலந்திருக்கும், அதைத் தனியாகக் காட்டச் சொல்லும் உத்தரவு ஒன்று கூடுதலாக வேண்டும்.

ஜூரோங்_நீராவி

பதிவான முகவரியில் ஆள் இல்லாமல் பெயர் மட்டும் இருக்கும் வீடுகளைக் கவனியுங்கள். முகவரி மாறினால் 28 நாளில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வரவு வைக்கும் தேதிக்கு முந்தைய மாதப் பதிவை எடுத்தால் பெரும்பாலும் சரியாக வரும்.